எடை போட்டவள்

மேலகரம், தென்காசி
14 ஜூலை 2024

அன்பு மகள் ஜெயசித்ராவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். அங்கே உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று எழுது. ராஜஸ்தான் வெயில் இன்னும் இறங்கவில்லை என்று அம்மா சொன்னாள்.

நீ போனில் அம்மாவிடம் பேசும்போது நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன். நீ சிரிப்பது கேட்கிறது. ஆனால் தொண்டை ஆபரேஷனில் குரல் போனதிலிருந்து, நான் நோட்டில் நாலு வரி எழுதிக் காட்டினால் உன் அம்மா அதில் ஒரு வரிதான் உனக்குச் சொல்கிறாள். "ஏட்டி, அப்பா நல்லாருக்காரு, ஒன்னியக் கேக்குதாரு." அவ்வளவுதான். அதனால்தான் இந்தக் கடிதம். வாட்ஸ்அப் எனக்கு வேண்டாம், அந்தச் சின்ன எழுத்தில் விரல் வைக்கப் பொறுமை இல்லை. நீயும் கையால் எழுது.

சாரல் நன்றாக விழுகிறது. ஈரக்காற்று, நான் மூச்சு விடுகிற கழுத்துத் துவாரத்துக்கு இதமாக இருக்கிறது, கோடையில் இருமிய மாதிரி இப்போது இல்லை. நேற்று குற்றாலம் போனேன். குளிக்க அல்ல. துவாரத்துக்குள் தண்ணீர் போய்விடும் என்பதால் அருவிப் பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். மசூதைப் பார்க்கப் போனேன். புளியறை செக்போஸ்ட்டில் ஒன்பது வருஷம் எனக்கு ஜீப் ஓட்டியவன், உனக்கு நினைவிருக்கும். இப்போது ஐந்தருவி ரோட்டில் ஒரு லாட்ஜுக்கு மேனேஜர்.

அவன் மகள் முஹ்ஸினா எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரி முடித்துவிட்டு ஒரு வருஷமாக கடையநல்லூரில் வீட்டில் இருக்கிறாள். உங்கள் ஆய்வகத்தில் ஆள் எடுப்பார்களா என்று கேட்டான். என் சர்வீஸில் யாருக்கும் நான் சிபாரிசு செய்ததில்லை. இவனுக்காகக் கேட்கிறேன். முடிந்தால் பார். அத்தோடு நீ அங்கே என்னதான் செய்கிறாய் என்றும் விளக்கமாக எழுது. "ஆட்டு ரோமத்துல ஏதோ ஆராய்ச்சி" என்பதற்கு மேல் அவனிடம் எனக்கு எழுதிக் காட்டத் தெரியவில்லை.

உன் நலம் கோரும் அப்பா,
சிவனணைந்தபெருமாள்


ஆய்வு மாணவியர் விடுதி, ராஜஸ்தான்
2 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அப்பாவுக்கு,

ஜெயசித்ரா வணக்கத்துடன் எழுதுகிறேன். நான் நன்றாக இருக்கிறேன். நீங்களும் அம்மாவும் அப்படியே இருக்க வேண்டும். சாரல் என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் ஜன்னலைத் திறந்து பார்த்தேன். புழுதிதான் வந்தது.

என் வேலையைக் கேட்டிருந்தீர்கள். இங்கே கிடைக்கிற செம்மறி ரோமம் முரடு, கம்பளம் நெய்யத்தான் ஆகும். அதைக் கழுவிப் பிசுக்கெடுத்து, குடுவையில் தண்ணீரோடு போட்டு, அறுபது டிகிரி சூட்டில் வைப்போம். ஒரு உப்பைச் சேர்த்தால் ரோமத்தின் மேல் அங்கங்கே கண் திறந்துகொள்ளும். பிறகு அக்ரிலமைடு என்கிற வெள்ளைப் பொடியைக் கரைத்து ஊற்றுவோம். பொடியின் மூலக்கூறுகள் அந்தக் கண்களில் பிடித்துக்கொண்டு, ஒன்றையொன்று கோத்துச் சங்கிலியாக வளரும். சாயம் மாதிரி மேலே பூசுவது இல்லை இது. ஒட்டு மாங்கன்று கட்டுகிறோமே, அந்த மாதிரி. மூன்று மணி நேரம் கழித்துக் கழுவிக் காயவைத்து எடை போட்டால் ரோமம் கனத்திருக்கும். எத்தனை சதவீதம் கனத்தது என்பதுதான் எங்களுக்கு மார்க்.

இப்படி வளர்ந்த ரோமம் தண்ணீரை விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். தீப்புண்ணின் மேல் கட்டினால் புண் வறண்டு வெடிக்காது, துணி அதில் ஒட்டிக்கொண்டு உரியாது. கோடையில் நீங்கள் கழுத்தில் கட்டுகிற ஈரத்துணிக்குப் பதிலாக ஒரு நாள் இதையே செய்து தருகிறேன்.

நல்ல சமாசாரம் ஒன்று. ப்ராஜெக்ட்டில் ஒரு இடம் காலியாக இருக்கிறது. கைடிடம் முஹ்ஸினாவைப் பற்றிச் சொன்னேன். ஆன்லைனில் இன்டர்வியூ நடந்தது, நன்றாகப் பதில் சொன்னாள். எடுத்துக்கொண்டார்கள். இந்தி தெரியாதே என்று பயப்படுகிறாளாம். என் அறையிலேயே தங்கட்டும். நான் பார்த்துக்கொள்கிறேன் என்று மசூது மாமாவிடம் எழுதிக் காட்டுங்கள்.

அம்மாவிடம் மாத்திரையை நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லுங்கள்.

உங்கள் அன்பு மகள்,
ஜெயசித்ரா


மேலகரம்
26 ஆகஸ்ட் 2024

அன்பு மகளுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். முஹ்ஸினாவை அவள் வாப்பாவே கூட்டிக்கொண்டு வருகிறான். ரயில் ஏற்ற தென்காசி ஸ்டேஷனுக்கு நானும் அம்மாவும் போயிருந்தோம். அந்தப் பிள்ளை ஒரு பெரிய பெட்டி, ஒரு தலையணை, ஒரு டப்பா நிறையப் பலகாரத்தோடு நின்றது. உனக்கும் சேர்த்துத்தானாம்.

வண்டி கிளம்புகிற நேரத்தில் மசூது ஜன்னல் வழியாக என் கையைப் பிடித்துக்கொண்டான். "அண்ணாச்சி, செங்கோட்டையத் தாண்டி இவ தனியாப் போனதில்ல. ஒங்க புள்ள அங்கன இருக்கான்னுதான் அனுப்புதேன்" என்றான். நான் நோட்டை எடுப்பதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. தலையை மட்டும் ஆட்டினேன்.

அவளைத் தங்கையாகப் பார்த்துக்கொள்.

அப்பா


ஆய்வு மாணவியர் விடுதி
20 அக்டோபர் 2024

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். உங்கள் இருவர் நலத்துக்கும் எழுதுங்கள். இரண்டு மாதமாக எழுதவில்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள். கைடு ஒரு கட்டுரையை ஜனவரிக்குள் அனுப்பியாக வேண்டும் என்கிறார். பொடியின் அளவு, சூடு, நேரம் எல்லாவற்றையும் மாற்றி மாற்றி நாற்பது சோதனைக்கு மேல் செய்ய வேண்டும்.

முஹ்ஸினா கெட்டிக்காரி. ரோமம் கழுவுவது, காயவைப்பது எல்லாம் அவள்தான். மெஸ் சப்பாத்தியைக் கண்டால் அழுகை வந்துகொண்டிருந்தது, இப்போது எனக்கும் சேர்த்து வாங்கி வருகிறாள். வேலை செய்கிறபோது ஓயாமல் பேசுகிறாள். "அக்கா, இந்த ஆடு எந்த ஊர்ல மேஞ்சுதோ, நம்மகிட்ட வந்து இந்தப் பாடு படுது" என்று நேற்று சொன்னாள். சிரித்துவிட்டேன்.

எனக்கு உள்ளங்கைத் தோல் கொஞ்சம் உரிகிறது. இங்கே தண்ணீர் உப்பு. சும்மா இருக்கும்போதும் கை வியர்க்கிறது, பேனா வழுக்குகிறது, அதனால்தான் எழுத்து இப்படி. வேறொன்றும் இல்லை.

உங்கள் மகள்,
ஜெயசித்ரா


மேலகரம்
4 நவம்பர் 2024

அன்பு மகளுக்கு,

நாங்கள் சுகம். உன் சுகத்தை மறைக்காமல் எழுது.

முப்பத்திரண்டு வருஷம் புகார் மனுவும் வாக்குமூலமும் படித்தவன் நான். வியர்வையில் பேனா வழுக்கினால் எழுத்து நழுவும், மை கலங்கும். உன் கடிதத்தில் அப்படி இல்லை. நீ பேனாவை அழுத்தியிருக்கிறாய். மூன்று இடத்தில் காகிதம் கிழிந்திருக்கிறது. ஆகஸ்ட் கடிதத்தையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பேனா கையில் இருக்கிறதா இல்லையா என்று தெரியாத ஒரு ஆள் எழுதியதுபோல் இருக்கிறது.

அம்மாவுக்கு இதைக் காட்டவில்லை. டாக்டரிடம் போ. தோல் டாக்டர் போதாது. என்ன சொன்னார் என்று எழுது.

அப்பா


24 நவம்பர் 2024

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நலம். இதை டைப் செய்து அனுப்புவதற்கு மன்னியுங்கள். ஆய்வேட்டை கம்ப்யூட்டரில் எழுதுகிறேன், அந்தக் கையோடு இதையும் அடித்துவிட்டேன்.

டாக்டரைப் பார்த்தேன். பி-12 குறைவு என்றார். மாத்திரை கொடுத்திருக்கிறார். கவலைப்பட ஒன்றுமில்லை.

சோதனைகளை இப்போது முஹ்ஸினா செய்கிறாள். பொடியை எடை போடுவது முதல் எல்லாமே அவள்தான். நான் எழுத்து வேலையில் உட்கார்ந்துவிட்டேன். அவளுக்கும் நல்ல பழக்கம்.

அம்மாவை விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

ஜெயசித்ரா


மேலகரம்
12 ஜனவரி 2025

அன்பு மகளுக்கு,

நலம். டிசம்பரில் இரண்டு கடிதம் போட்டேன், பதில் இல்லை. குற்றாலத்தில் வெள்ளம் வந்து ஒரு வாரம் யாரையும் குளிக்க விடவில்லை. அந்த மழையில் தபால் எங்கேயாவது நின்றிருக்கும் என்று முதலில் நினைத்தேன். பிறகு அப்படி நினைக்கவில்லை.

அம்மாவிடம் இரண்டு நிமிஷம் பேசிவிட்டு வைத்துவிடுகிறாய். நீ சிரித்து நான் கேட்கவில்லை.

நேற்று மசூது வந்திருந்தான். "எம் புள்ள பேசிக்கிட்டே இருக்கும்போது போனு கையிலருந்து விழுந்துருது அண்ணாச்சி. கேட்டா குளிருன்னு சொல்லுதா. நடக்கும்போது தரையே தெரியலன்னு அவ உம்மாட்ட சொல்லிருக்கா. ஜெயாட்ட ஒரு வார்த்த கேட்டுச் சொல்லுங்க" என்றான்.

கேட்கிறேன். அந்தப் பிள்ளைக்கு என்ன?

அப்பா


மேலகரம்
9 மார்ச் 2025

ஜெயசித்ராவுக்கு,

அம்மா சுகமாக இருக்கிறாள். என்னைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

ஜனவரிக் கடிதத்துக்கும் நீ பதில் போடவில்லை. பிப்ரவரி முதல் வாரத்தில் முஹ்ஸினாவை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள் என்பதையே மசூது சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். நேற்று போய்ப் பார்த்தேன்.

கடையநல்லூர் வீட்டில் மாடிப்படி ஏறவேண்டும். அதனால் குற்றாலத்தில் லாட்ஜ் கீழ்த்தளத்தில் ஒரு அறையில் வைத்திருக்கிறான். அங்கே வெஸ்டர்ன் டாய்லெட் இருக்கிறது. இப்போது சீசன் இல்லை, லாட்ஜில் வேறு ஆள் கிடையாது. வராண்டாவில் குரங்குகள் உட்கார்ந்திருக்கின்றன.

நான் உள்ளே போனதும் மரியாதைக்கு எழுந்திருக்கப் பார்த்தாள். இரண்டு கையாலும் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, குனிந்து தன் காலைப் பார்த்துப் பார்த்து வைத்தாள். பார்க்காவிட்டால் கால் எங்கே இருக்கிறதென்று தெரியாதாம். நாலு எட்டு வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டாள். அவள் உம்மா டீ கொண்டுவந்து கொடுத்தாள். டம்ளர் சுடுகிறதா என்று விரலுக்குத் தெரியவில்லை. உதட்டில் வைத்த பிறகுதான் முகம் சுளித்தாள்.

"ஜெயாக்கா நல்லாருக்காங்களா மாமா?" என்று கேட்டாள். "அவுகளுக்குக் கை சரியாயிட்டா?"

நான் நோட்டை எடுத்தேன். டாக்டர் என்ன சொன்னார் என்று எழுதிக் கேட்டேன்.

திருநெல்வேலியில் நரம்பு டாக்டர் கரண்ட் வைத்துப் பார்த்திருக்கிறார். ஏதாவது ரசாயனத்தில் வேலை செய்தாளா என்றுதான் முதலில் கேட்டாராம். பொடியின் பெயரைச் சொன்னதும், கையுறை, முகமூடி, புகை இழுக்கிற ஃபேன் எதுவும் இல்லாமலா இதைத் தொட்டாய் என்று அதட்டியிருக்கிறார். மசூது உங்கள் நிறுவனத்துக்கு எழுதிப் போட்டிருக்கிறான். வந்த பதிலை என்னிடம் காட்டினான். "எல்லாப் பாதுகாப்புச் சாதனங்களும் தரப்பட்டன. நோய் இவருக்கு முன்பே இருந்திருக்கலாம்." அதன் கீழே சாட்சியாக இரண்டு கையெழுத்து. இரண்டாவது உன்னுடையது.

மசூதுக்கு ஆங்கிலம் அவ்வளவு வாசிக்க வராது, மகளிடம் காட்டவும் மனசில்லை. "இதுல என்ன போட்ருக்கு அண்ணாச்சி? ஜெயா பேரு கெடக்கே, நமக்கு அனுகூலமாத்தான் எழுதிருக்காளா?" என்று கேட்டான். உன்னிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று எழுதிக் காட்டினேன்.

உன்னிடம் மூன்று கேள்வி. கையுறை இருந்ததா? உன் கை மரத்தது அந்தப் பொடியால்தான் என்று உனக்கு எப்போது தெரியும்? முஹ்ஸினா எடை போட ஆரம்பித்தது அதற்கு முன்பா, பின்பா?

டைப் அடிக்காதே.

சிவனணைந்தபெருமாள்


விடுதி
2 ஏப்ரல் 2025

அப்பாவுக்கு,

எழுத்து புரியாவிட்டால் மெதுவாகப் படியுங்கள். இதை எழுத நாலு நாள் ஆனது. பேனாவில் துணி சுற்றிக் கட்டியிருக்கிறேன்.

கையுறை செப்டம்பரிலேயே தீர்ந்துவிட்டது. வாங்கச் சொல்லி எழுதிக் கொடுத்தோம், வரவில்லை. ஃபேன் மழைக்காலத்திலேயே நின்றுவிட்டது. ஜன்னலைத் திறந்தால் காற்றில் பொடி பறக்கிறது என்று மூடி வைத்துத்தான் எடை போட்டோம்.

உங்கள் நவம்பர் கடிதம் 11-ஆம் தேதி கிடைத்தது. தோல் டாக்டர் போதாது என்று எழுதியிருந்தீர்கள். பயந்துபோய், பொடி வந்த டின்னோடு இருந்த காகிதத்தை அன்றுதான் முழுதாகப் படித்தேன். தோல் உரிதல், வியர்த்தல், கை கால் மரத்தல், நடை தள்ளாடுதல் என்று வரிசையாக இருந்தது. முதல் மூன்றும் எனக்கு இருந்தன. சங்கிலியாகக் கோத்து ரோமத்தில் வளர்ந்துவிட்டால் அது ஒன்றும் செய்யாது. கோக்காத பொடிதான் நரம்புக்கு விஷம். தோல் வழியாகவும் போகும், மூச்சிலும் போகும். கைடிடம் போனேன். "ஜாக்கிரதையாக இரு, இதை எழுத்தில் கொண்டுவராதே, ப்ராஜெக்ட் நின்றுவிடும்" என்றார். டாக்டரிடம் நான் போகவேயில்லை. பி-12 என்று எழுதியது பொய்.

13-ஆம் தேதி முஹ்ஸினாவுக்கு எடை போடக் கற்றுக்கொடுத்தேன்.

உங்கள் மூன்றாவது கேள்விக்குப் பதில் அதுதான் அப்பா. பின்பு. இரண்டு நாள் பின்பு.

"அக்கா, கிளவுஸ் இல்லயே?" என்று கேட்டாள். "இன்னைக்கு ஒரு நாள் சும்மா போடு" என்று சொன்னேன். மறுநாள் அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. புதிய ஆள், கொஞ்ச நாளைக்குத்தான், அவளுக்கு ஒன்றும் ஆகாது என்று நினைத்தேன் என்று உங்களுக்கு எழுதலாம். அப்படி நான் நினைக்கவில்லை. அதைப் பற்றி நினைக்காமல் இருந்தேன். பட்டத்துக்கு இன்னும் எட்டு மாதம், என் கை அதுவரை வேண்டும் என்பது மட்டும்தான் மனதில் இருந்தது. மூன்று வருஷத்தை விட்டுவிட்டு வந்து உங்கள் முன்னால் நிற்க எனக்கு முடியாது என்று தோன்றியது.

டிசம்பரில் அவள் தட்டைக் கீழே போட்டாள். ஜனவரியில் படியில் விழுந்தாள். ஒவ்வொரு தடவையும் எனக்குத் தெரியும். அவள் என்னைப் பார்ப்பாள், நான் "குளிர்" என்று சொல்வேன். பிறகு அவளே அப்படிச் சொல்லப் பழகிக்கொண்டாள்.

அவள் செய்த சோதனைகளில்தான் நல்ல எண்கள் வந்தன. கட்டுரையை ஏற்றுக்கொண்டார்கள். அதில் அவள் பெயர் நாலாவதாக இருக்கிறது.

சாட்சிக் கையெழுத்து பிப்ரவரி 17. கைடு மேஜையில் வைத்து, இது வழக்கமான காகிதம்தான் என்றார். படித்தேன். போட்டேன்.

அவள் போன பிறகு பொடியை மறுபடியும் நான்தான் எடை போடுகிறேன். வேறு ஆள் இல்லை. இப்போது காலும் போகிறது. இதைத் தண்டனையாக நினைத்துச் செய்கிறேனா, பயத்தில் செய்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை.

இந்தக் கடிதத்தை நீங்கள் என்ன வேண்டுமானாலும் செய்யலாம். நலம் விசாரிக்க எனக்கு வாய் வரவில்லை.

ஜெயசித்ரா


மேலகரம்
16 ஏப்ரல் 2025

ஜெயாவுக்கு,

உன் கடிதத்தை முதல் தடவை படித்தபோது அம்மா அடுக்களையில் இருந்தாள். அப்பளம் சுட அடுப்பை மூட்டியிருந்தாள். எழுந்து போய் இதை அந்த நெருப்பில் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கலாம். போலீஸ்காரன் என்பதால் நான் அப்படிச் செய்யவில்லை என்று நினைத்துவிடாதே. மூன்று நாள் இதை மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, எப்படி இல்லாமல் ஆக்குவது என்றுதான் யோசித்தேன். ரிடையர் ஆன பிறகு ஒரு மனுஷன் தன் பிள்ளைக்காக ஒரு காகிதத்தைக் கிழித்தால் யார் கேட்கப் போகிறார்கள் என்றுகூட நினைத்தேன்.

நாலாம் நாள் அம்மாவிடம் கொடுத்தேன். அவள் இரண்டு தடவை படித்தாள். அழுவாள் என்று பார்த்தேன். அழவில்லை. "அந்தப் புள்ள பலகாரம் கொண்டு போச்சே" என்றாள். பிறகு, "எந்திரிச்சிச் சட்டைய மாத்துங்க. மசூதண்ணன்ட்டக் குடுத்துட்டு வாங்க" என்றாள்.

அக்டோபரிலிருந்து வந்த உன் கடிதங்கள் எல்லாவற்றையும் கொண்டுபோனேன். மசூது கவுன்டரில் நின்றுகொண்டே படித்தான். கண்ணாடியை இரண்டு தடவை கழற்றித் துடைத்துப் போட்டான்.

"இத ஏன் அண்ணாச்சி எங்கிட்டக் கொண்டாந்திய? கிழிச்சிப் போட்ருக்கக் கூடாதா?" என்றான். "கம்பெனிக்காரன் செஞ்சான், ஆபீசர் செஞ்சான்னு நெனச்சிக்கிட்டுக் கெடந்தேன். அது ஒரு மாதிரி லேசா இருந்துச்சி." பிறகு, "ஜெயாவுக்கும் காலு போவுதா?" என்று கேட்டான். தலையை ஆட்டினேன். கடிதங்களை எடுத்து மேஜை டிராயரில் வைத்துப் பூட்டினான். "நீங்க போங்க அண்ணாச்சி. இனி நானா வாற வரைக்கும் இங்கன வராண்டாம்" என்றான்.

ஐந்தருவி ரோட்டிலிருந்து மேலகரம் வரை நடந்தே வந்தேன்.

ஊருக்கு வா என்றோ வராதே என்றோ நான் எழுதப் போவதில்லை. அந்தப் பொடியை மட்டும் இனித் தொடாதே. நீ போட்ட கையெழுத்து உன்னுடையது. அதை என்ன செய்ய வேண்டும் என்பது உனக்குத் தெரியும்.

அப்பா


மேலகரம், கீழ் வீடு
8 ஜூன் 2025

மாடி அறையில் இருக்கும் ஜெயாவுக்கு,

நீ வந்து இன்றோடு பதினொரு நாள். சாப்பாட்டை அம்மா படியில் வைக்கிறாள், நீ எடுத்துக்கொள்கிறாய். நான் உன்னை ஒரு தடவைதான் பார்த்தேன், ஆட்டோவிலிருந்து இறங்கியபோது. அந்தச் சாட்சிக் காகிதம் பொய் என்று நீ எழுதிக் கொடுத்ததையும், அடுத்த வாரமே உன் ஆராய்ச்சியை நிறுத்தி வெளியே அனுப்பியதையும் அம்மா சொன்னாள். ஒரே வீட்டில் இருந்துகொண்டு கடிதம் எழுதுகிறேனே என்று நினைக்காதே. நான் மாடிக்கு வந்தாலும் எழுதித்தானே காட்ட வேண்டும்? நீ படிக்கிறபோது உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க எனக்குத் தெம்பில்லை.

இன்று மதியம் முஹ்ஸினா வந்திருந்தாள். உனக்கும் கேட்டிருக்கும். உன் ஜன்னல் கதவு சாத்துகிற சத்தம் எங்களுக்குக் கேட்டது.

மசூது அவளை வாசல் வரை கூட்டிவந்து விட்டுவிட்டு ஆட்டோவில் போய் உட்கார்ந்துகொண்டான். உள்ளே வரவில்லை. அவள் வாக்கரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். பிப்ரவரிக்கு இப்போது தேவலை. முழுக்கச் சரியாகுமா என்று டாக்டர் சொல்ல மாட்டேன் என்கிறாராம். அம்மா அவள் கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டு, அவள் காலடியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அந்தப் பிள்ளை, "அழாதிய மாமி, எனக்குக் காப்பி வேணும்" என்றது. மாடிப்படியைப் பார்த்தபடிதான் குடித்தது.

அவள் சொன்னதை நோட்டில் அப்படியே எழுதி வைத்தேன். இதுதான்:

"மாமா, அக்காட்டச் சொல்லுங்க. நான் மன்னிச்சிட்டேன்னு சொல்ல வரல. எனக்கு அது வரல. தெனமும் காலைல கால ஊனும்போது அவுக மூஞ்சிதான் முன்னால வருது. ஆனா டாக்டர் என்ன சொல்லுதாருன்னா, ஒரே எடத்துல வேல பாத்த ரெண்டு பேருக்கு ஒரே மாதிரி நரம்பு போயிருக்குன்னு காட்டுனா யாரும் மறுக்க முடியாதாம். எனக்கு மின்ன இருந்தே இருந்துச்சின்னு அவங்க இனிச் சொல்ல முடியாது. அங்கன அந்தப் பொடிய எடை போட வேற ஒரு புள்ளய எடுத்துட்டாங்களாம். அதனால அக்கா வரணும். வியாழக்கிழம, திருநெல்வேலிக்கு. அவ்வளவுதான்."

வாசலில் வாக்கரைப் பிடித்தபடி திரும்பி நின்றாள். "நான் வந்துட்டுப் போனேன்னு அவுகளுக்குத் தெரியும்லா?" என்று கேட்டாள். ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

வியாழன் காலை மசூது ஆட்டோவை அனுப்புகிறான். முஹ்ஸினாவை ஏற்றிக்கொண்டு ஆறு மணிக்கு நம் வாசலுக்கு வரும்.

அப்பா


மாடி
10 ஜூன்

அப்பா,

வருகிறேன்.

ஆட்டோவில் என் பக்கத்தில் உட்கார அவளுக்குச் சம்மதமா என்று மட்டும் மசூது மாமாவிடம் கேட்டுச் சொல்லுங்கள். இல்லையென்றால் நான் பஸ்ஸில் வந்து ஆஸ்பத்திரியில் நிற்கிறேன்.

ஜெயா

(இந்தச் சீட்டின் பின்பக்கத்தில், அப்பாவின் எழுத்தில்)

அம்மா மசூதுக்குப் போன் போட்டுக் கேட்டாள். முஹ்ஸினாவிடம் கேட்டானாம். அவள் பதில் சொல்லவில்லையாம்.

தென்காசியிலிருந்து திருநெல்வேலிக்கு ஐந்தே முக்காலுக்கு ஒரு பஸ் இருக்கிறது. கூட்டம் இருக்காது. நானும் உன்னோடு வருகிறேன்.